எல்லாத் துறைக்கும் ஒரே கேள்வி

பல்கலைக்கழகத்தில் எத்தனை துறைகள் இருக்கின்றன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருக்கிறவற்றில் பாதிக்கு மேல் எங்கள் மதினி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியிருக்கின்றன, அது தெரியும். வேதியியல் வந்து கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனது. பொருளாதாரம் வந்து கூலியை விசாரித்தது. மொழியியல் வந்து, "நீங்க எப்பவும் பேசுற மாதிரியே பேசுங்கம்மா" என்று சொல்லிப் பேச்சைப் பதிவு செய்துகொண்டது. தாவரவியல் வீட்டுக்குப் பின்னால் கரிசலில் கிடந்த களைச்செடியைப் பிடுங்கிச் செய்தித்தாளுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டது. வெம்பக்கோட்டை அணைக்கு வருகிற நாரைகளை எண்ண வந்த பையன் வழி கேட்பதற்காகத்தான் வண்டியை நிறுத்தினான். அவனும் மதினி வீட்டில் கம்பங்கூழ் குடித்துவிட்டுத்தான் போனான். ஆலங்குளத்துச் சுண்ணாம்புப் பாறையைப் பார்க்கப் போன நிலவியல்காரர்கள்கூடத் திரும்பும் வழியில் இங்கே இறங்கினார்கள். பாறைக்கும் மதினிக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்டேன். "எங்க சீனியர் இந்த வீட்டுக்குப் போகச் சொன்னாங்க சார்" என்றார்கள்.

சொந்த மதினி இல்லை. தெரு முறைக்கு அவர் வீட்டுக்காரர் எனக்கு அண்ணன், அதனால் இவர் மதினி. சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற பாதையில் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தெரு. ஒரு காலத்தில் எல்லாரும் வயல்காட்டு வேலைக்குப் போனவர்கள். என் தலைமுறையில் எல்லாரும் பட்டாசு, தீப்பெட்டி. நான் மட்டும் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிற வேலைக்குப் போனேன். காலண்டர், பட்டாசு லேபிள், கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும் பிழை இருக்கிற இடத்தில் கண் போய் நின்றுவிடும். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது. யாராவது கதை சொன்னால் நடுவில் புகுந்து திருத்துவேன். "ஆபீசை அங்கனயே விட்டுட்டு வாங்க" என்று என் மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

மதினி வீட்டைத் தேடி ஏன் எல்லாரும் வந்தார்கள் என்பதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. முதலில் வந்த ஆராய்ச்சி மாணவன் சித்திரை வெயிலில் தெருவில் மயங்கி விழுந்தான். மதினிதான் தூக்கி உட்காரவைத்து உப்புப் போட்ட மோர் கொடுத்தார். அவன் மதினியிடமே எல்லாக் கேள்வியையும் கேட்டுவிட்டுப் போனான். அடுத்த வருடம் வந்தவர்களிடம் அவன் இந்த வீட்டைச் சொன்னான், அவர்கள் அதற்கடுத்தவர்களுக்குச் சொன்னார்கள். ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளின் வழக்கம் இது. முன்னால் போனவர் எந்த வீட்டில் உட்கார்ந்தாரோ அதே வீட்டில்தான் போய் உட்காருவார்கள். மதினியும் எப்போதும் வீட்டில் இருந்தார். அண்ணன் செத்த பிறகு கம்பெனிக்குப் போவதை விட்டுவிட்டு வீட்டிலேயே பட்டாசுப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வட்டாரத்துப் பட்டாசுப் பெண்களைப் பற்றி எழுதியதெல்லாம் கம்பெனிக்குப் போகாத இந்த ஒரு பெண்ணைப் பற்றியதுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வந்தவர்களிடம் மதினி சொன்ன பதில்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. எதிர்வீடு என்பதால் பாதிப் பேட்டிகளுக்கு நான் கூடவே இருப்பேன். பிள்ளைகள் பேசுகிற புத்தகத் தமிழ் புரியாமல், "தம்பி, கொஞ்சம் வாங்க, இந்தப் புள்ள என்ன கேக்குதுன்னு சொல்லுங்க" என்று மதினிதான் கூப்பிடுவார். பொருளாதாரத்துக்காரியிடம் போன வருடம் கூலி கூடியது என்றார். அடுத்த வாரம் வந்த சமூகவியல்காரனிடம் கூலி குறைந்துவிட்டது என்றார். நாட்டுப்புறவியல்காரர்கள் தீப்பெட்டி ஆபீசில் பெண்கள் பாடுகிற பாட்டு ஏதாவது இருக்கிறதா என்று ஆசையாகக் கேட்டார்கள். மதினி கண்ணை மூடிக்கொண்டு கம்பெனி வேனைப் பற்றியும் அதன் டிரைவரைப் பற்றியும் ஒரு பாட்டுப் பாடினார். அப்படி ஒரு பாட்டை அதற்கு முன்னால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் கேட்டதில்லை. அந்த நாரைப் பையனிடம், செம்மூக்கோடு ஒரு பறவை வந்ததாகவும், கூரையில் உட்கார்ந்து தன்னையே பார்த்ததாகவும் சொன்னார். பையன் துள்ளிக் குதித்துக்கொண்டு அணைக்கு ஓடினான்.

"ஏன் மதினி இப்படி ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க? படிக்கிற பிள்ளைங்க, பாவம். தப்புத்தப்பா எழுதிட்டுப் போவாங்கள்ல."

"அம்புட்டுத் தூரத்துல இருந்து வாராக. இல்ல, தெரியாதுன்னு சொன்னா எந்திரிச்சுப் போயிருவாக தம்பி. கொஞ்சம் உக்காரட்டும்."

"உக்காந்து?"

"நான் ஒண்ணு கேக்கணும்ல."

அதுதான் மதினி. அவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். யார் வந்து எத்தனை கேள்வி கேட்டாலும் பதில் சொல்வார். அவர்கள் பையை மூடுகிற நேரத்தில், "நீங்க கேட்டதுக்கெல்லாம் சொன்னேன்ல. நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், சொல்லிட்டுப் போங்க" என்பார். எல்லாத் துறைக்கும் ஒரே கேள்விதான்.

"பாலியஸ்டர் சட்டை போட்டுட்டு மருந்து ரூமுக்குள்ள போனா தீப்பிடிக்குமா?"

கேள்விக்குப் பின்னால் இருந்த கதை தெருவுக்கே தெரியும். அண்ணன் மருந்து கலக்குகிறவர். பட்டாசுக் கம்பெனியில் மருந்து என்றால் வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும்தான். அதைக் கலக்குகிற ரூமில் உரசல் ஆகாது, இரும்பு ஆகாது, உடம்பில் பருத்தித் துணி தவிர வேறு துணி ஆகாது. தீபாவளிக்கு முந்திய கடைசி லோடு போகிற சமயம் அது. மழைக்காலம் தொடங்கிவிட்டது. மூன்று நான்கு நாளாகத் தூறிக்கொண்டே இருந்ததில் அண்ணனுடைய பருத்திச் சட்டை காயவில்லை. கொடியில் சொட்டச் சொட்டத் தொங்கியது. அன்றைக்குக் காலையில் கம்பெனி வேன் எங்கள் தெருமுனைச் சேற்றில் சிக்கி, நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து தள்ளினோம். ஈரச் சட்டையோடு எப்படிப் போவது என்று அண்ணன் நின்றபோது, மதினி பெட்டியைத் திறந்து யாரோ கல்யாணத்துக்கு எடுத்துக்கொடுத்த பாலியஸ்டர் சட்டையை எடுத்து நீட்டினார். அன்றைக்குப் பதினொரு மணிக்கு மேல் அந்த ரூம் வெடித்துப் போய்விட்டது. உள்ளே இருந்தது இரண்டு பேர். அண்ணனும், அவருக்குக் கையாளாக நின்ற கடைசி வீட்டுக்காரரும்.

விசாரணை நடந்தது. மருந்து கலக்கியவரின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள். சட்டையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை, இருந்ததெல்லாம் கையைப் பற்றித்தான். கடைசி வீட்டு அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் மதினிக்கும் அதுவரை ஒரே வேன், ஒரே டப்பாச் சோறு. அன்றோடு பேச்சு நின்றது. குழாயடியில் மதினி குடம் வைத்திருந்தால் அந்த அக்கா தன் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் போவாள். யாராவது சமாதானம் பேசினால், "கலக்குன கை அவருது. என் வீட்டுக்காரரு சும்மா நின்ன ஆளு" என்பாள். கடைசி வீட்டில் ஒரு படம், மதினி வீட்டில் ஒரு படம், இரண்டுக்கும் ஒரே நாளில் மாலை போடுவார்கள். அண்ணன் படத்துக்கு மாலை போடும்போது தெருவில் ஒருவரும் வரமாட்டார்கள். கொன்றவர் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் வரவில்லை. நான் போவேன். போய்விட்டு வரும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

ஆக, தப்பு சட்டையிலா, கையிலா. மதினிக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். தன் கையால் எடுத்துக் கொடுத்த சட்டைதான் புருஷனைக் கொன்றதோ என்று அந்த அம்மாள் வெந்துகொண்டிருக்கிறார், யாராவது ஒருவர் "இல்லை" என்று சொல்லிவிட்டால் நிம்மதியாகிவிடுவார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதனால்தான் ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளைகள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். இத்தனை பெரிய படிப்புக்கு இந்த ஒரு கேள்வியா பெரிது என்று நினைத்தேன். அங்கேதான் நான் ஏமாந்தேன். எனக்கு வந்த குழப்பம் கொஞ்சநஞ்சமில்லை.

பொருளாதாரத்துக்காரி, எண்ணிக்கைக்குக் கூலி கொடுக்கிற பீஸ் ரேட் முறைதான் காரணம், அவசரப்படுத்தியது முதலாளி, சட்டையும் இல்லை, கையும் இல்லை என்றாள். மதினி தலையை ஆட்டிக் கேட்டார். அவள் போன பிறகு, "முதலாளின்னா எந்த முதலாளி? கம்பெனி கைமாறிக் கைமாறி எங்கயோ போயிருச்சு. இதை அந்தக் கடைசி வீட்டுக்காரிகிட்ட எப்படிச் சொல்ல?" என்று என்னிடம் கேட்டார்.

புள்ளியியலில் படித்த பையன், ஒருமுறை நடந்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது, நிறையத் தடவை நடந்திருந்தால்தான் கணக்குப் போட முடியும் என்றான். மதினி அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னொரு தடவ நடக்கச் சொல்றீகளா?" என்றார். பையன் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

தமிழ்த் துறைப் பெண் கதையைக் கேட்டு அழுதுவிட்டாள். உங்க வாழ்க்கையே ஒரு காவியம்மா என்றாள். "அது கெடக்கட்டும் தாயி, சட்டையா கையா?" என்று மதினி கேட்டதற்கு இன்னும் கொஞ்சம் அழுதாள். உளவியல்காரர் ஒருவர் மூச்சை இழுத்து விடச் சொல்லிக்கொடுத்தார். வரலாறு, ஏதாவது ஆவணம் இருக்கிறதா என்று கேட்டது. தத்துவத்தில் ஆராய்ச்சி செய்கிற தாடிக்காரர் ஒருவர், ஒரு விளைவுக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க வேண்டும் என்று நாம் ஏன் எதிர்பார்க்கிறோம் என்று திருப்பிக் கேட்டார். நான் இரண்டு நாள் அதையே யோசித்து ஒரு காலண்டரில் அமாவாசையைக் கோட்டை விட்டுவிட்டேன். அச்சக முதலாளி ஏசினார்.

வேதியியல் மட்டும் நேராகப் பேசியது. அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறும், மழைக்காலத்தில் விபத்து நடப்பது பெரும்பாலும் அதனால்தான் என்று அந்த மாணவர் பொறுமையாகச் சொன்னார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தானாகச் சூடேறியது என்றால் யார் மேலும் தப்பு இல்லை அல்லவா.

மதினி மட்டும் விடவில்லை. "தானா சூடாகுதுன்னா, கலக்குற ஆளுக்கு அது தெரியாதா?"

"முன்னாடியே தொட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்மா. ஈரம் பட்ட மருந்துன்னா ஒதுக்கி வச்சிருக்கணும்."

"யாரு ஒதுக்கணும்?"

"கலக்குறவர்தாம்மா."

மதினி முகம் சுருங்கிப்போனது. அந்த மாணவருக்கு அன்றைக்குக் கூழ் கிடையாது. வெறும் தண்ணீர்தான்.

இப்படியே வருடங்கள் போயின. வந்தவர்கள் எல்லாரும் பட்டம் வாங்கிப் போனார்கள். மதினியிடம் பதில்கள்தான் சேர்ந்தன. பெட்டி ஒட்டுகிற நேரத்தில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வார். பசையைத் தடவிக்கொண்டே, "கெமிஸ்ட்ரிக்காரரு கைங்காரு. எகனாமிக்ஸ் முதலாளிங்குது. தாடிக்காரரு கேள்வியே தப்புங்காரு. எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள்ளதான இருக்காக, ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட மாட்டாகளா தம்பி?" என்று கேட்பார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் அச்சகத்தில் கலர் அடிக்கிறவனும் வெட்டுகிறவனும் பேசிக்கொள்ளாவிட்டால் ஒரு லேபிள் உருப்படாது. அவ்வளவு பெரிய இடத்தில் எப்படி நடக்கிறதோ.

பிறகு மல்லாங்கிணறு ஊரிலிருந்து ஒரு பெண் வந்தாள். இயற்பியலில் ஆராய்ச்சி. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளக்கிற ஒரு சின்னப் பெட்டியை மதினி வீட்டு முற்றத்துக் கம்பத்தில் கட்டிவிட்டு, மாதத்துக்கு ஒரு தடவை வந்து பார்ப்பாள். மற்றவர்களைப் போல அவள் புத்தகத் தமிழ் பேசவில்லை, எங்கள் பேச்சுத்தான். மதினிக்கு அவளைப் பிடித்துவிட்டது. வழக்கமான கேள்வியை அவளிடம் முதல் நாளே கேட்டுவிட்டார்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. அது ஒன்றிலேயே எனக்கு அவள் மேல் பெரிய மரியாதை வந்தது. "அன்னைக்கு மழையா வெயிலாம்மா?" என்றாள்.

"மழதான் தாயி. தூறிக்கிட்டே கெடந்துச்சு. அதனாலதான சட்ட காயல."

"நான் பாத்துட்டு வந்து சொல்றேன்."

அடுத்த மாதம் வந்தபோது முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். பாலியஸ்டர் துணியைக் காய்ந்த காற்றிலும் ஈரக் காற்றிலும் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாளாம். தங்கள் துறைக் கருவி போதாதென்று வேறு துறைக்குப் போய்க் கருவி இரவல் வாங்கியிருக்கிறாள். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். காய்ந்த நாளில் அந்தத் துணியில் மின்சாரம் சேரும், சுள்ளென்று பொறி தட்டும். ஈரக் காற்றில் சேருகிற மின்சாரம் துணியில் நிற்பதில்லை, அப்படியே வடிந்துபோய்விடும்.

"மழ நாள்ல அந்தச் சட்டையால பொறி வந்திருக்கவே முடியாதும்மா. எந்த மழை உங்க பருத்திச் சட்டையக் காயவிடலயோ, அதே மழைதான் இந்தச் சட்டை மேல தப்பு இல்லைன்னும் சொல்லுது. நீங்க இனிமே நிம்மதியா இருங்க."

இத்தனை வருடத்தில் முதல்முறையாக ஒரு முடிவான பதில். அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. மதினி அழப்போகிறார் என்று நினைத்துத் திரும்பினேன். மதினி அழவில்லை. பசைக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு தாயி. சட்டையா இருக்காதா?"

"இருக்காதும்மா."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட இல்லம்மா. நான் நாலஞ்சு வாட்டி பாத்துட்டேன்."

"சரி" என்றார் மதினி. உள்ளே போய்விட்டார். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். எனக்கு மட்டும் என்ன புரிந்தது. வெயில் அதிகம், களைப்பாக இருக்கும் என்று எதையோ சொல்லி அவள் வந்த வேன் வரைக்கும் போய் அனுப்பிவைத்தேன்.

மறுநாள் வேலைக்குக் கிளம்புகிறபோது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ஏன் மதினி, நல்ல சேதிதானே சொல்லிச்சு அந்தப் புள்ள. உங்க மேல தப்பு இல்லைன்னு சொல்லிருச்சு. அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

மதினி என்னை ஒரு மாதிரி பார்த்தார். மெய்ப்பில் பெரிய எழுத்துப் பிழையை விட்டுவிட்டால் முதலாளி பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"என் மேல தப்பு இல்லைன்னு யாருகிட்ட தம்பி கேட்டேன்? சட்டையும் இல்ல, வெளிய இருந்து ஒண்ணும் வரலைன்னா, உள்ள இருந்தது யாரு? அவுக கைதான? அந்தப் புள்ள என்னைய விட்டுட்டு அவுகளப் பிடிச்சுக் குடுத்துட்டுப் போயிருச்சு."

நான் பையைத் தோளில் மாட்டியபடி நின்றேன்.

"சட்டதான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன? நான் இருக்கேன்ல, நான் வாங்கிக்கிடுவேன். அவுக இல்லாத ஆளு. அவுக எப்படி வாங்குவாக?"

அன்றைக்குப் பஸ்ஸைத் தவறவிட்டேன். இத்தனை வருடமாக எதிர்வீட்டில் இருந்து பாதிப் பேட்டிகளுக்குக் காது கொடுத்த நான், கேள்வியைத் தலைகீழாகவே புரிந்துகொண்டிருந்திருக்கிறேன். மதினி கேட்டது விடுதலை இல்லை. தண்டனையைத் தன் பேருக்கு மாற்றித் தரச் சொல்லித்தான் ஒவ்வொரு துறையாகக் கேட்டிருக்கிறார். அதற்கு எந்தத் துறை மனு வாங்கும் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. வருத்தப்படுவதா, கோபப்படுவதா என்றும் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது.

அந்தக் கோடையிலேயே மனையியல் துறையிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அப்படி ஒரு துறை இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் உடுத்துகிற துணிகளைப் பற்றி அவர்களுக்கு ஆராய்ச்சி. எந்த நிறம், எந்தத் துணி, யார் துவைப்பது, எங்கே காயப்போடுவது என்று வரிசையாகக் கேட்டார்கள். மதினி என்றைக்கும் இல்லாத பொறுமையோடு உட்கார்ந்து பதில் சொன்னார். கடைசியில் தன் கேள்வியைக் கேட்டார்.

"அன்னைக்குக் கிளைமேட் எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டாள் அவர்களில் மூத்தவள்.

"நல்ல வெயிலு" என்றார் மதினி.

நான் நிமிர்ந்து பார்த்தேன். என் வாய் தானாகத் திறந்தது. சேற்றில் வேன் தள்ளியவன் நான். கொடியில் தொங்கிய ஈரச் சட்டைக்குக் கீழே குனிந்து போனவன் நான்.

"வெயிலா? அப்ப பருத்திச் சட்டை இருந்திருக்குமே. ஏன் பாலியஸ்டர் போட்டாங்க?" என்று அதற்குள் அந்த மூத்தவளே கேட்டுவிட்டாள்.

"இருந்துச்சு தாயி. காஞ்சு மடிச்சுத்தான் வச்சிருந்தேன். நான்தான் வம்பு பண்ணி இதைப் போட்டுவிட்டேன். அவுக வேண்டாம்னாக. மருந்து ரூமுக்கு ஆகாதுன்னு எம்புட்டோ சொன்னாக. நான் கேக்கல. கலர் நல்லா இருக்குன்னு போட்டு அனுப்புனேன்." சொல்லும்போது மதினி என்னைப் பார்க்கவே இல்லை. ஆனால் திருத்த வேண்டாம் என்று எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார் என்பது தெரிந்தது. பிழையைத் திருத்தாமல் விடுவது எனக்குச் சாமானியமான காரியம் இல்லை. விட்டேன்.

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். பிறகு மெதுவாக, "நல்ல வெயில் நாள்னா சட்டையால நடந்திருக்க வாய்ப்பு இருக்கும்மா" என்றாள். மனசு கஷ்டப்படுமே என்று அவளுக்குக் குரல் இறங்கிப்போனது.

மதினி எழுந்துவிட்டார். "இதைக் கடைசி வீட்டுல வந்து ஒரு தடவ சொல்லு தாயி. ஒரே தடவ."

நானும் பின்னாலேயே போனேன். எனக்குப் பயமாக இருந்தது. மழை பெய்தது கடைசி வீட்டு அக்காவுக்கு மறந்திருக்குமா? வேன் சிக்கியபோது வீட்டிலிருந்து தன் புருஷனுக்குக் குடையைக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். அந்தப் பெண் வாசலில் நின்று சொன்னாள். நல்ல வெயில் நாள், கலருக்காகப் போட்டுவிட்ட பாலியஸ்டர் துணி, மின்சாரம், பொறி. அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். பிறகு மதினியை நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"அப்ப நீயா?"

"நான்தான்" என்றார் மதினி. "அவுக இல்ல. நான்தான்."

அக்கா மழையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறந்துவிட்டாளா, மறக்காமலேயே கேட்காமல் விட்டாளா என்று அன்றைக்கும் எனக்குப் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. எந்தத் துறையில் போய்க் கேட்பது.

மறுநாள் காலையில் குழாயடியில் ஒரே சத்தம். அக்காதான். மதினியை நிற்கவைத்து ஏசிக்கொண்டிருந்தாள். பாதகத்தி, ரெண்டு குடும்பத்தைக் கெடுத்தவளே, உனக்குக் கலர் கேட்டுச்சோ என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். தெருவே கூடிவிட்டது. நான் விலக்கிவிடப் போனேன். மதினி கையை நீட்டி என்னைத் தடுத்தார். இடுப்பில் நிறைந்த குடம், அதிலிருந்து தண்ணீர் வழிந்து சேலை நனைந்துகொண்டிருந்தது. அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியாக ஒன்று சொன்னாள்: "பாவம் அந்த அண்ணன். உன்னையக் கட்டிட்டு வந்து, ஒண்ணும் அறியாம போய்ச் சேந்துட்டாரு."

மதினி என் பக்கம் திரும்பினார். அப்போதுதான் அவர் அழுவதைப் பார்த்தேன்.

"கேட்டீகளா தம்பி" என்றார். "அண்ணன்னு சொன்னா. பாவம்னு சொன்னா."